ஜூலை மாதத்தில் விறகடுப்பின் புகைபோக்கி: பருவத்தின் நடுவிலேயே துப்புரவு செய்ய வேண்டுமா?

மிட்லண்ட்ஸ்_வீடு (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நேட்டால் மாகாணத்தில், கடற்கரை நகரான டர்பனிலிருந்து உள்நாட்டு ஊரான ஹோவிக்குக்கு அருகே ஒரு பழைய பண்ணை வீட்டுக்குக் குடிவந்திருக்கிறோம். கடற்கரையில் ஒரு கம்பளிச் சட்டையோடு முடிந்துவிடும் குளிர்காலம், இங்கே விடியற்காலையில் புல்வெளி முழுவதும் உறைபனியாகப் படிந்து கிடக்கிறது. ஆகவே மே மாதக் கடைசியிலிருந்து வரவேற்பறையின் விறகடுப்பு அநேகமாக ஒவ்வொரு மாலையும் எரிகிறது.

அடுப்பின் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். கண்ணாடிக் கதவுள்ள வார்ப்பிரும்பு அடுப்பு. வீட்டுக்காரர் காலத்திலிருந்தே இருப்பது. அதன் மேலிருந்து ஆறு அங்குல விட்டமுள்ள ஒற்றைச் சுவர் எஃகுக் குழாய் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரம் சென்று, ஒரு முழங்கை வளைவில் திரும்பி, வெளிச்சுவரை ஒட்டிக் கட்டப்பட்ட செங்கல் புகைபோக்கிக்குள் நுழைகிறது. செங்கல் கூட்டுக்குள் தனிக் குழாய் எதுவும் இல்லை. உச்சியில் கம்பிவலை சுற்றிய ஒரு தொப்பி இருக்கிறது. கூரை தகரக் கூரை.

சில வாரங்களாக மூன்று மாற்றங்களைக் காண்கிறோம். விறகு போடக் கதவைத் திறந்தால் புகை அறைக்குள் வருகிறது. மாலையில் துடைத்த கண்ணாடி படுக்கைக்குப் போவதற்குள் கறுத்துவிடுகிறது. குழாயின் இணைப்பு ஒன்றிலிருந்து பழுப்பு நிறத்தில் ஏதோ வெளிப்புறமாக வடிந்து காய்ந்திருக்கிறது. அதில் தார் வாடை அடிக்கிறது. எரிப்பது வாட்டில் என்னும் வேல வகை மரத்தின் விறகு. சாலையோரத்தில் மூட்டையாக விற்பதை வாங்குகிறோம். இரவில் பெரிய கட்டைகளை உள்ளே வைத்துக் காற்றுத் திறப்பை முழுவதும் மூடிவிடுவது வழக்கம். விடிந்ததும் தணல் கிடைக்கிறது.

இந்த நிலையில் செப்டம்பர் வரை ஓட்டிவிட்டு அதன் பிறகு துப்புரவு செய்யலாமா, அல்லது இப்போதே அடுப்பை நிறுத்த வேண்டுமா? கடையில் விற்கும் புகைபோக்கித் தூள் மட்டும் போதுமா? உருளைக்கிழங்குத் தோலும் உப்பும் போட்டால் கரி தானாக உதிரும் என்கிறார் பக்கத்துப் பண்ணைக்காரர். இன்னொருவர், ஓர் இரவு நன்றாகக் கொழுந்துவிட்டு எரிய விட்டால் எல்லாம் எரிந்து போய்விடும் என்கிறார். அனுபவமுள்ளவர்கள் தெளிவுபடுத்தினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


பழைய_கொல்லன் (மறுமொழி)

வணக்கம் சகோதரி. நம் மாகாணத்து நியூகாசிலில் அடுப்புகளும் குழாய்களும் பொருத்தும் பட்டறையில் நீண்ட காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நீங்கள் எழுதியிருக்கும் மூன்று அடையாளங்களும் தனித்தனிக் கோளாறுகள் அல்ல, ஒரே காரணத்திலிருந்து கிளம்பியவை. உங்கள் புகை மேலே போய்ச் சேருவதற்கு முன்பே குளிர்ந்துவிடுகிறது. செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டாம். பார்த்துத் துப்புரவு செய்யும் வரை அடுப்பை மூட்டாமல் இருப்பதே நல்லது.

விறகு எரியும்போது முழுவதும் எரியாத ஆவிகள் புகையோடு மேலே செல்கின்றன. அவற்றில் தார்ப்பொருள்களும் நீராவியும் கலந்திருக்கும். குழாயின் உட்சுவர் ஏறக்குறைய 120 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினால், கொதிக்கும் உலையின் மூடியில் நீர் கோத்துக்கொள்வதைப் போல இந்த ஆவிகள் சுவரில் படிந்துவிடுகின்றன. இதைத்தான் கிரியோசோட் என்கிறார்கள். முதல் நிலையில் அது தூசுபோன்ற கரி. பிரஷ் பட்டாலே உதிரும். அடுத்த நிலையில் கறுத்த, மொறுமொறுப்பான செதில்கள். மூன்றாவது நிலையில் கண்ணாடிபோல் பளபளக்கும் தார்ப்பூச்சு. அதைச் சாதாரண பிரஷ் தொடவே தொடாது. அந்த மூன்றாவது நிலைதான் ஆபத்தானது. அது பற்றிக்கொண்டால் புகைபோக்கிக்குள் வெப்பம் 1,000 பாகையைத் தாண்டக்கூடும். பழைய செங்கல் சாந்து அதைத் தாங்குவதற்காகப் பூசப்பட்டதல்ல.

ஈர விறகு இந்தக் கதையில் பெரும் பங்கு வகிக்கிறது. அப்போது வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர்தான். அந்தத் தண்ணீரை ஆவியாக்க ஒரு கிலோவுக்கு இரண்டேகால் மெகாஜூல் வெப்பம் செலவாகிறது. உங்கள் அறைக்கும் குழாய்க்கும் போக வேண்டிய வெப்பம் அது. எலும்பாகக் காய்ந்த விறகும்கூடத் தப்பிவிடுவதில்லை: மரத்தில் உள்ள ஹைட்ரஜன் எரிவதால் ஒரு கிலோ விறகுக்கு அரை லிட்டர் அளவு நீராவி எப்படியும் உண்டாகும். ஆகையால், காய்ந்த விறகைப் போட்டாலும் குழாய் சூடாகவே இருந்தாக வேண்டும்.

வாட்டில் விறகில் குற்றம் இல்லை. 1864இல் ஆஸ்திரேலியாவிலிருந்து நேட்டாலுக்கு வந்த அந்த மரம் இன்று நம் மலைச்சரிவுகளில் வேண்டாத விருந்தாளியாகப் பரவியிருந்தாலும், நன்றாகக் காய்ந்தால் அருமையான விறகு. ஆனால் சாலையோரத்து மூட்டைகளில் பாதி, போன மாதம் வெட்டியதாக இருக்கும். விற்பவர் காய்ந்தது என்று சொல்வதை நம்பாமல், ஈரமானி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை. கட்டையின் முனையில் குத்திப் பார்ப்பதில் பயனில்லை, ஏனெனில் முனை எப்போதும் முதலில் காய்ந்துவிடும். கட்டையைப் புதிதாகப் பிளந்து, பிளந்த முகத்தின் நடுவில் குத்துங்கள். 20 விழுக்காட்டுக்கு மேல் காட்டினால் அது இந்த ஆண்டுக்குரிய விறகு அல்ல. நம் மாகாணத்தில் குளிர்காலம் வறண்ட காலம் என்பது ஒரு வரம்: இப்போதே அடுத்த ஆண்டுக்கான கட்டைகளை வாங்கிப் பிளந்து, தரையிலிருந்து உயர்த்தி, வடக்கு வெயில் படும்படி அடுக்கி, மேல்புறத்தை மட்டும் மூடி வைத்தால் போதும். பக்கங்களையும் பிளாஸ்டிக்கால் போர்த்துகிறவர்கள் ஈரத்தை உள்ளேயே சிறை வைக்கிறார்கள். யூகலிப்டஸ் கட்டைகளுக்கு ஓர் ஆண்டு போதாது. பருமனானவை என்றால் இரண்டாண்டு விடுங்கள்.

அடுத்தது உங்கள் புகைபோக்கியின் அளவு. ஆறு அங்குலக் குழாயின் குறுக்குப் பரப்பு ஏறக்குறைய 180 சதுர சென்டிமீட்டர். பழைய பண்ணை வீடுகளின் செங்கல் கூடு பெரும்பாலும் ஒன்பது அங்குலச் சதுரமாக இருக்கும். அதன் பரப்பு 500 சதுர சென்டிமீட்டருக்கும் மேல். விரைந்து வந்த புகை அங்கே நுழைந்ததும் மூன்றில் ஒரு பங்கு வேகத்துக்குக் குறைந்துவிடுகிறது. அதோடு கூடு வெளிச்சுவரில் இருப்பதால் மூன்று பக்கமும் குளிர்காற்று படுகிறது. திறந்த கணப்பு அடுப்புக்காகக் கட்டிய கூட்டில் மூடிய அடுப்பைப் பொருத்தும் வீடுகள் எல்லாவற்றிலும் இதே தொல்லை வரும். நிரந்தரத் தீர்வு, அடுப்பின் வாயளவுக்கே ஒரு துருப்பிடிக்காத எஃகுக் குழாயை உச்சி வரை உள்ளே இறக்கி, சுற்றிலும் வெப்பக்காப்பு இடுவதுதான். செலவு வீட்டுக்காரருடையது, ஆனால் கேட்பது உங்கள் உரிமை.

இணைப்பிலிருந்து வெளியே வடிவதைப் பற்றி ஒரு சந்தேகம். குழாய்த் துண்டுகளைப் பொருத்தும்போது சுருங்கிய முனை கீழ்நோக்கி, அடுப்பின் பக்கம் இருக்க வேண்டும். அப்போது உள்ளே வடியும் எதுவும் அடுப்புக்குள்ளேயே இறங்கி எரிந்துவிடும். பலர் புகை கசியாமல் இருக்கட்டும் என்று எண்ணித் தலைகீழாகப் பொருத்திவிடுகிறார்கள். குழாய் நன்றாக இழுக்கும்போது காற்று வெளியிலிருந்து உள்ளேதான் போகும். புகை வெளியே வராது. உங்கள் குழாய் ஆறிய பிறகு எந்த முனை எதற்குள் போகிறது என்று பாருங்கள்.

இனி உங்கள் கேள்விகள். கடைத் தூளில் இருக்கும் உலோக உப்புகள் பிசுபிசுப்பான படிவைச் சற்று உலரவைத்து உதிரக்கூடியதாக மாற்றும். துப்புரவுக்கு முன் அது உதவும், துப்புரவுக்கு மாற்றாகாது. உதிர்ந்தது எங்கே போகும் என்று யோசித்தாலே விளங்கும்: உங்கள் முழங்கை வளைவில் போய்க் குவியும். உப்பைப் போடவே போடாதீர்கள். அதிலுள்ள குளோரைடு எஃகை அரித்துவிடும். கடற்கரையில் ஒதுங்கும் கட்டைகளை எரிக்கக் கூடாது என்பதும் இதே காரணத்தால்தான். உருளைக்கிழங்குத் தோலை மாட்டுக்குப் போடுங்கள். ஓர் இரவு கொழுந்துவிட்டு எரிப்பது என்ற யோசனை இருக்கிறதே, பளபளப்புப் படிவு இருக்கும் குழாயில் அது வேண்டுமென்றே புகைபோக்கித் தீயை மூட்டுவதாகும்.

முதல் வேலையாகப் பகல் வெளிச்சத்தில் கீழேயிருந்தே தொலைநோக்கி வைத்து உச்சித் தொப்பியின் கம்பிவலையைப் பாருங்கள். கூரையில் ஏற வேண்டாம். புகை திடீரென்று அறைக்குள் வரத் தொடங்கினால், பத்துக்கு ஒன்பது வீடுகளில் அடைத்துக்கொண்டிருப்பது அந்த வலைதான் என்பது என் கணிப்பு. மிகக் குளிர்ந்த இடம் அதுவாகையால் படிவு அங்கேதான் முதலில் சேரும்.


லெனேசியா_கரியடுப்பு (மறுமொழி)

கொல்லன் ஐயா சொன்ன அனைத்தும் சரி. ஓரிடத்தில் மட்டும் எனக்குச் சற்று மாறுபட்ட கருத்து உண்டு. கொழுந்துவிட்டு எரிப்பதே ஆபத்து என்று புதியவர்கள் எடுத்துக்கொண்டால், அவர்கள் பயந்து அடுப்பை எப்போதும் மூடியே வைப்பார்கள். அதுதான் கரி சேரும் வழி. துப்புரவான குழாயில், ஒவ்வொரு முறை மூட்டும்போதும் முதல் இருபது நிமிடங்கள் காற்றைத் தாராளமாகத் திறந்து சுடர் எழும்ப எரிப்பது அவசியம். அழுக்கான குழாயில் கூடாது. துப்புரவான குழாயில் கட்டாயம் வேண்டும். இந்த வேறுபாட்டை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

ஜோகன்னஸ்பர்க் அருகே எங்கள் லெனேசியாவில் ஜூலை இரவுகள் உறைநிலையைத் தொடும். என் தாய்வீட்டில் நிலக்கரி அடுப்பு. எங்கள் வீட்டில் இப்போது விறகு. 2023இல் மின்வெட்டு மிக மோசமாக இருந்தபோது எங்கள் தெருவில் பல வீடுகளில் அடுப்பு வாங்கினார்கள். வாங்கியவர்களில் பெரும்பாலோர் மூட்டுவதற்குக் கற்றுக்கொள்ளவில்லை என்பதே என் மனக்குறை. நிலக்கரிக்காக இந்த நாட்டில் அரசாங்கமே பரப்பிய பாசா ன்ஜெங்கோ மாகோகோ முறையை மூத்தவர்கள் அறிவார்கள்: கரியைக் கீழே போட்டு, அதன் மேல் தாளும் சுள்ளியும் வைத்து, உச்சியில் சில கரித்துண்டுகளைச் சேர்த்து, மேலிருந்து பற்றவைப்பது. கீழேயிருந்து எழும் புகை மேலேயுள்ள சுடரைக் கடந்துதான் போக வேண்டியிருப்பதால் எரிந்துவிடுகிறது. விறகுக்கும் இது அப்படியே பொருந்தும். பெரிய கட்டைகள் அடியில், அவற்றின் மேல் நடுத்தரமானவை, உச்சியில் சிராய்களும் ஒரு கொளுத்தியும். தொடக்கப் புகை வெகுவாகக் குறைவதோடு, குழாயும் சீக்கிரம் சூடாகும்.

காலையில் குளிர்ந்த புகைபோக்கிக்குள் கனத்த காற்று கீழே அமர்ந்திருக்கும். அந்நேரம் பற்றவைத்தால் முதல் புகை அறைக்குள்தான் வரும். ஒரு செய்தித்தாளை முறுக்கிக் கொளுத்தி, அடுப்பின் மேற்பகுதியில், குழாய்வாயருகே பிடித்துச் சில நொடிகள் எரியவிட்டால் இழுவை பிறக்கும். சமையலறையில் புகை உறிஞ்சும் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தால் அதை நிறுத்திவிட்டு மூட்டுங்கள். இறுக்கமான வீட்டில் அந்த விசிறி புகைபோக்கி வழியாகவே காற்றை இழுத்துவிடும்.

விறகு அடுப்பில் நிலக்கரி போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். நிலக்கரிக்கென்று கம்பித் தட்டும் அடியிலிருந்து வரும் காற்றும் இல்லாத அடுப்பில் போடாதீர்கள். கரியின் கந்தகம் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி, விறகுக்கென்று செய்த மெல்லிய எஃகுக் குழாயைத் தின்றுவிடும். அதைவிட முக்கியமான எச்சரிக்கை வேலிக்கம்பங்களைப் பற்றியது. பச்சைச் சாயல் ஏறிய கம்பங்கள் தாமிரம், குரோமியம், ஆர்செனிக் கலந்த மருந்தில் ஊறியவை. எரித்தால் புகையும் நஞ்சு, சாம்பலும் நஞ்சு. பண்ணை வீட்டில் உடைந்த கம்பங்கள் குவிந்து கிடக்கும் என்பதால் சொல்கிறேன்.


தீக்காவல்_தொண்டர் (மறுமொழி)

அண்டர்பெர்க் பக்கம் புல்வெளித் தீயணைப்பில் பங்கேற்பவன் என்பதால், வீட்டுக்கு வெளியே என்ன நடக்கும் என்பதைச் சேர்க்கிறேன். நம் மாகாணத்தில் அடுப்பு எரியும் காலமும் புல் காய்ந்து கிடக்கும் காலமும் ஒன்றே. மலையிலிருந்து வெப்பமான பெர்க் காற்று இறங்கும் நாளில், புகைபோக்கியிலிருந்து பறக்கும் ஒரு கங்கு பக்கத்துப் பண்ணைக்குத் தீயாகப் போய்ச் சேரலாம். 1998ஆம் ஆண்டின் தேசியப் புல்வெளி மற்றும் காட்டுத்தீச் சட்டத்தின்படி, தீயபாயம் உயர்ந்த நாள்களில் திறந்த வெளியில் தீ மூட்டத் தடை உண்டு. வீட்டுக்குள் இருக்கும் அடுப்பு திறந்த வெளித் தீ அல்ல; ஆனாலும் சிவப்பு எச்சரிக்கை நாளில் அடுப்பை மூட்டாமல் இருக்கும் அண்டை வீட்டாரை நான் மதிக்கிறேன். அந்தக் காற்று அடிக்கும் நாளில் பெரும்பாலும் குளிரும் இருக்காது. சுழற்காற்று புகையைத் திருப்பித் தள்ளுவதால் அடுப்பும் சரியாக எரியாது.

ஆகையால், வலை அடைத்துக்கொள்கிறது என்பதற்காக அதைப் பிய்த்து எறிந்துவிடாதீர்கள். கங்கைத் தடுப்பது அதுவே. கண்கள் அரை அங்குல அளவில் இருந்தால் கங்கும் நிற்கும், கரியும் எளிதில் அடைக்காது. மிக நெருக்கமான வலையைப் போட்டவர்கள்தான் மாதந்தோறும் அல்லல்படுகிறார்கள்.

புகைபோக்கிக்குள் தீப்பற்றினால் எப்படித் தெரியும் என்பதையும் வீட்டிலுள்ள எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். உறுமலோடு காற்றை இழுக்கும் ஓசை கேட்கும்; குழாய் அதிரும்; ஒற்றைச் சுவர்க் குழாய் செந்நிறமாகவும் மாறலாம்; வெளியே உச்சியிலிருந்து பொறி பறக்கும். அப்போது அடுப்புக் கதவைத் திறக்கக் கூடாது. எல்லாக் காற்றுத் திறப்புகளையும் மூடிவிட்டு, அனைவரையும் வெளியே அனுப்பி, கைப்பேசியிலிருந்து 112ஐ அழையுங்கள். புகைபோக்கிக்குள் தண்ணீர் ஊற்றினால் சூடான செங்கல் வெடித்துப் பிளக்கும். தீ விரிசல் வழியாகக் கூரைச் சட்டத்துக்குள் புகுந்துவிடும். தீ தானாகவே அடங்கிவிட்டாலும், தகுந்தவர் ஒருவர் உள்ளே ஆய்ந்து சொல்லும் வரை மறுபடி மூட்டக் கூடாது.

புகை அறைக்குள் வருகிறது என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குத் தோன்றியது கார்பன் மோனாக்சைடு. கண்ணுக்குத் தெரியும் புகை அடங்கிய பிறகும், இரவில் மூடிவைத்த தணலிலிருந்து இந்த வாயு வந்துகொண்டிருக்கும். நிறமும் மணமும் அதற்கு இல்லை. காலையில் வீட்டிலுள்ளவர்களுக்குத் தலைவலியும் குமட்டலும் இருந்து, வெளியே போனதும் அவை குறைந்தால், அதைச் சளிக்காய்ச்சல் என்று எண்ணி விட்டுவிடாதீர்கள். படுக்கையறைப் பக்கம் ஓர் எச்சரிக்கைக் கருவி மாட்டுங்கள். சாம்பலை மூடியுள்ள உலோக வாளியில் அள்ளி, மரத் தளத்திலோ சுவரோரத்திலோ வைக்காமல் வெறும் தரையில் வையுங்கள். சாம்பலுக்குள் கங்கு நாள்கணக்கில் உயிரோடு இருக்கும்.


மிட்லண்ட்ஸ்_வீடு (தொடர்ச்சி)

கொல்லன் ஐயாவுக்கும் லெனேசியா அக்காவுக்கும் தொண்டர் அண்ணனுக்கும் மனமார்ந்த நன்றி. அடுப்பை நிறுத்திவிட்டோம், இப்போதைக்கு எரிவாயுக் கணப்பு ஒன்றை இரவல் வாங்கியிருக்கிறோம்.

தொலைநோக்கியில் பார்த்தபோது தொப்பியின் வலை ஏறக்குறைய முழுவதும் கறுப்பாக மூடியிருந்தது. குழாய்த் துண்டுகளும் ஐயா சந்தேகித்தபடி தலைகீழாகத்தான் பொருத்தப்பட்டிருக்கின்றன. விறகைப் பிளந்து அளந்தோம். பெரும்பாலான கட்டைகள் 30 விழுக்காட்டைத் தாண்டின. முழங்கை வளைவைக் கழற்றிக் கைவிளக்கால் பார்த்ததில், குழாயின் உட்புறத்தில் செதில்கள் இருக்கின்றன. வளைவில் மட்டும் பளபளப்பான படிவு தெரிகிறது. செங்கல் கூட்டுக்குள் எவ்வளவு இருக்கிறது என்பது கீழிருந்து சரியாகத் தெரியவில்லை. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து ஒரு புகைபோக்கித் துப்புரவாளரை அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறோம். அவர் வரும்போது என்னென்ன கேட்க வேண்டும்? அதன் பிறகு எத்தனை நாளைக்கு ஒருமுறை நாங்களே பார்க்க வேண்டும்?


பழைய_கொல்லன் (மறுமொழி)

நல்ல காரியம் செய்தீர்கள். வளைவில் உள்ள பளபளப்பை நீங்களே சுரண்ட முயல வேண்டாம். ஒற்றைச் சுவர் வளைவு மலிவான பொருள், புதிதாக மாற்றிவிடுங்கள். மாற்றும்போதே எல்லாத் துண்டுகளையும் சுருங்கிய முனை கீழே வரும்படி திருப்பி, ஒவ்வோர் இணைப்பிலும் மூன்று திருகுகள் போடச் சொல்லுங்கள்.

துப்புரவாளரிடம் முதலில் கேட்க வேண்டியது, கேமராவை உள்ளே விட்டுக் காட்ட முடியுமா என்பது. செங்கற்களுக்கு இடையே சாந்து உதிர்ந்திருக்கிறதா, கூரைச் சட்டம் எங்கேயாவது கூட்டைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா என்பதைக் கண்ணால் பாருங்கள். கூட்டுக்குள் பளபளப்புப் படிவு இருந்தால், சாதாரண பிரஷ்ஷை விட்டுவிட்டு, துளையிடும் கருவியில் பொருத்திச் சுழற்றும் தண்டையும் சங்கிலித் தலையையும் அவர் பயன்படுத்த வேண்டியிருக்கும். அப்படிச் செய்தபின் செங்கலை மறுபடி ஆய்வது அவசியம். பின்னாளில் துருப்பிடிக்காத எஃகுக் குழாய் இறக்கினால் அதற்குக் கம்பி பிரஷ் ஆகாது, நைலான் பிரஷ்தான். உச்சியின் உயரத்தையும் அளக்கச் சொல்லுங்கள். சுற்றிலும் மூன்று மீட்டர் தொலைவுக்குள் இருக்கும் கூரைப் பகுதி எதையும்விட அறுபது சென்டிமீட்டராவது உயர்ந்திருப்பது பொதுவான வழக்கம். தென்னாப்பிரிக்கக் கட்டட விதிகளில் இதற்கென்று எஸ்ஏஎன்எஸ் 10400இன் வி பகுதி இருக்கிறது, துப்புரவாளர் அதை அறிந்திருப்பார். வேலை முடிந்ததும் தேதியிட்ட ரசீதை வாங்கி வையுங்கள். வீட்டுக் காப்பீட்டில் தீ நட்டம் கோர நேர்ந்தால் அந்தத் தாள் பேசும்.

துப்புரவு முடிந்து அவர் கிளம்புமுன், அடுப்புக்குள் மேற்புறத்தில் இருக்கும் தடுப்புத் தகட்டை எடுத்துப் பார்த்தாரா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். மேலிருந்து உதிரும் கரி முழுவதும் அந்தத் தகட்டின் முதுகில்தான் குவியும். அதை அள்ளாமல் விட்டுவிட்டு, துப்புரவு செய்தும் புகை வருகிறதே என்று என்னிடம் வந்தவர்கள் உண்டு.

எத்தனை நாளைக்கு ஒருமுறை என்ற கேள்விக்கு நாள்காட்டியை வைத்து விடை சொல்ல நான் தயங்குவேன். காய்ந்த விறகை நன்றாக எரிக்கும் வீட்டுக்கு ஆண்டுக்கு ஒரு துப்புரவு போதும். ஈர விறகை மூடிவைத்து எரிக்கும் வீட்டுக்கு மாதம் ஒருமுறையும் போதாது. ஆகவே அளவை வைத்து முடிவு செய்யுங்கள். உங்கள் அமைப்பில் இந்தக் குளிர்காலம் முடியும் வரை இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை, அடுப்பு முற்றிலும் ஆறிய பிறகு, வளைவைத் திறந்து பாருங்கள். படிவு மூன்று மில்லிமீட்டர் தடிப்பை எட்டினால் துப்புரவு. பளபளப்பு தெரிந்தால் தடிப்பைப் பார்க்காமலேயே துப்புரவு.

அதற்கிடையே நாள்தோறும் வழிகாட்டக் கூடியது, குழாயில் ஒட்டும் காந்த வெப்பமானி. அடுப்புக்கு மேலே அரை மீட்டர் உயரத்தில் ஒட்டுங்கள். ஒற்றைச் சுவர்க் குழாயின் வெளிப்பரப்பில் 120 முதல் 240 பாகை வரை முள் நின்றால் நிம்மதி. அதற்குக் கீழே வெகுநேரம் இருந்தால் கரி சேர்கிறது. மேலே போய்க்கொண்டே இருந்தால் காற்றைக் குறையுங்கள். கண்ணாடியும் ஒரு நல்ல சாட்சி: அது கறுக்கிற அன்று குழாயும் கறுக்கிறது. காய்ந்த விறகோடும் ஒரு மூலை மட்டும் கறுத்தால், கதவைச் சுற்றிய நார்க்கயிறு அங்கே தேய்ந்திருக்கும். ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், தடையின்றி வந்தால் கயிறை மாற்றுங்கள்.

இரவில் முழுவதும் மூடிவைக்கும் வழக்கத்தை மட்டும் கைவிட்டே ஆக வேண்டும். விடிகாலைத் தணலுக்காக எட்டு மணி நேரம் புகையவிடுவதில்தான் உங்கள் படிவின் பெரும்பகுதி பிறந்திருக்கிறது. படுக்கப் போவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு கடைசிக் கட்டைகளைப் போட்டு, அவை சுடர்விட்டு எரிந்து தணலான பிறகு காற்றைக் குறையுங்கள். தணலில் புகை மிகக் குறைவு என்பதால் அப்போது குறைப்பதால் கரி சேராது. ஆனால் தொண்டர் தம்பி சொன்ன வாயு தணலிலிருந்துதான் வருகிறது. எனவே முழுவதுமாக அடைக்காமல், எச்சரிக்கைக் கருவி மாட்டிய பிறகே இதைச் செய்யுங்கள். கைவசம் உள்ள ஈர மூட்டைகளை வீணாக்க வேண்டாம்; அடுத்த ஆண்டுக்கு அடுக்கிவிட்டு, இந்தப் பருவத்துக்குக் காய்ந்த விறகைக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தாவது அளந்து வாங்குங்கள்.

செப்டம்பரில் அடுப்பை ஓய்வெடுக்க விடும்போது இன்னொரு முறை துப்புரவு செய்துவிடுங்கள். நமக்கு மழை கோடையில் வருகிறது. குழாயில் கரியை விட்டுவைத்தால் ஐந்தாறு மாத ஈரத்தில் அது அமிலமாக ஊறி எஃகை அரிக்கும், வீடும் நாறும். கதவைச் சிறிது திறந்து வைத்தால் உள்ளே காற்றோட்டம் இருக்கும். அதே பருவத்தில் தேனீக் கூட்டங்கள் குடியேற இடம் தேடும். நம் பக்கத்தில் பழைய புகைபோக்கி என்றால் அவற்றுக்குக் கொள்ளை ஆசை. அரை அங்குலக் கண்ணுள்ள வலை தேனீயைத் தடுக்காது, ஆகவே அவ்வப்போது உச்சியைக் கவனித்துக்கொள்ளுங்கள். அவை குடிபுகுந்துவிட்டால், அடுப்பை மூட்டிப் புகையால் விரட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அடையிலுள்ள மெழுகு உருகிக் குழாயெங்கும் வடிந்து, கிரியோசோட்டைவிட எளிதில் பற்றிக்கொள்ளும். தேனீ வளர்ப்பவர் ஒருவரை அழைத்து அடையை முழுவதும் எடுத்த பிறகே மறுபடி அடுப்பைத் தொடுங்கள்.